34 வயதில் எலும்புப்புரை: மாத்திரை தொடங்கும் முன் கேட்க வேண்டியது

தங்கச்சி கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். தக்கலைப் பக்கம் வீடு, வயது 34, ஐந்து வயதில் ஒரு மகன். ஆனி மழையில் முற்றத்துப் பாசியில் வழுக்கிக் கையை ஊன்றியதில் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டு போட்ட டாக்டர், "இவ்வளவு சின்ன விழுகைக்கு முறியக் கூடாதே" என்று எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார். முதுகெலும்பில் டி-ஸ்கோர் மைனஸ் 2.7. வாரம் ஒரு மாத்திரை, கால்சியம், வைட்டமின் டி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இடையில் ஒரு வரி: சின்ன வயதிலிருந்தே இழுப்பு (ஆஸ்துமா) உண்டு, மழைக்காலம் வந்தால் மெடிக்கலில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வேன், ஒன்பது வருடமாக அப்படித்தான். பிறகு கேள்விகள்: இது வயதானவர்களுக்கு வருவதுதானே? ஆயுள் முழுக்க மருந்தா? இரண்டாவது குழந்தை பெற்றுக்கொள்ளலாமா? முதுகு கூனிப்போகுமா?

நான் இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் 22 வருடமாக பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். எனக்கும் இதே நோய் உண்டு. 38 வயதில் கர்ப்பப்பையோடு சேர்த்து இரண்டு சினைப்பைகளையும் எடுத்தார்கள். சினைப்பை போனால் எலும்பைக் காக்கும் ஹார்மோனும் போய் எலும்பு மெலியும் என்று அந்த ஆஸ்பத்திரியில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 42-ல் அரிசி மூட்டையைக் கொஞ்சம் நகர்த்தினேன், முதுகில் சடக்கென்று ஒரு சத்தம். மார்புப் பகுதியின் கடைசி முள்ளெலும்பு நசுங்கியிருந்தது. அதனால் உங்கள் பயம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

ஒரு சொல் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். நம்ம ஊரில் முட்டி வலித்தாலும் கழுத்து வலித்தாலும் எல்லாவற்றுக்கும் "எலும்பு தேய்மானம்" என்றுதான் சொல்கிறார்கள். மூட்டில் குருத்தெலும்பு தேய்வது வேறு. உங்களுக்கு இருப்பது எலும்புக்குள்ளே இருக்கும் சல்லடை மெலிந்துபோவது, அதுதான் எலும்புப்புரை, ஆஸ்டியோபோரோசிஸ். முறியும் வரை இது வலிக்கவே வலிக்காது. ஆகவே "வலி இல்லையே, குணமாகிவிட்டது" என்று மருந்தை நிறுத்துவதும் தவறு, வேறு ஏதோ வலிக்கு இதைக் காரணம் காட்டுவதும் தவறு.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். அறுபது வயதில் எலும்பு மெலிந்தால் வயதும் மாதவிடாய் நின்றதும் பெரும்பாலும் போதுமான காரணம். 34-ல் அது காரணமே இல்லை. எலும்பு தன் முழு வலுவை எட்டுவதே ஏறக்குறைய முப்பது வயதில்தான். எட்டிய உடனே இறங்கியிருக்கிறது என்றால், ஒன்று அது முழுதாக ஏறவே இல்லை, அல்லது ஏதோ ஒன்று அதைத் தின்றுகொண்டிருக்கிறது. அந்த ஏதோ ஒன்றைக் கண்டுபிடிக்காமல் மாத்திரை மட்டும் போடுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் இறைப்பது மாதிரி.

உங்கள் கேள்வியில் நடுவில் ஒரு வரியாக வந்துபோன அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை மேல்தான் எனக்குச் சந்தேகம். அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் என்று எதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. இளவயது எலும்புப்புரைக்கு ஸ்டீராய்டு மிகப் பெரிய காரணங்களில் ஒன்று. புது எலும்பு கட்டும் செல்களை அடக்கிவிடும், குடலில் கால்சியம் ஏறுவதைக் குறைக்கும். எலும்பு வேகமாகக் குறைவது தொடங்கிய முதல் சில மாதங்களில்தான். ஐந்து நாள், பத்து நாள் என்று துண்டு துண்டாக எடுத்தாலும் வருடக்கணக்கில் கூடிக்கொண்டே போகும்.

ஆனால் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு நாளைக் காலையில் அதை நிறுத்திவிடாதீர்கள். நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்த உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதைக் குறைத்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நெஞ்சு நோய் டாக்டரைப் பார்த்து, தினமும் இழுக்கும் இன்ஹேலருக்கு மாறி, மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். "இன்ஹேலர் போட்டால் பழகிவிடும்" என்ற பேச்சை நம் வீடுகளில் இன்னும் கேட்கிறேன். வழக்கமான அளவில் இன்ஹேலரிலிருந்து எலும்புக்குப் போவது மாத்திரையை விட மிகக் குறைவு. ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டும் குழல்) வைத்து இழுத்து, வாய் கொப்பளித்துத் துப்புங்கள். நல்ல செய்தி என்னவென்றால், ஸ்டீராய்டு நின்ற பிறகு முறியும் அபாயமும் இறங்கத் தொடங்குகிறது.

அது ஒன்றுதான் காரணம் என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். ரத்தத்தில் கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்படேஸ் (எலும்பிலும் ஈரலிலும் இருந்து வரும் ஒரு நொதி), கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி என்று பார்க்க), வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன், தைராய்டு, ஹீமோகுளோபினோடு ஈஎஸ்ஆர் (உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டுவது) பார்க்க வேண்டும். கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய்க்கும் ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு, வயிற்றுத் தொந்தரவே இல்லாமல்கூட அது எலும்பைக் கெடுக்கும். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள். 40 வயதுக்கு முன் மாதக்கணக்கில் வராமல் இருந்தால் எலும்பு கரையும், அதற்குச் சிகிச்சை வேறு. வலிப்புக்கான ஃபெனிடோயின், அளவுக்கு மிஞ்சிய தைராய்டு மாத்திரை, வருடக்கணக்கில் போடும் அசிடிட்டி மாத்திரை எல்லாமே பட்டியலில் வரும். வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். பெயர் தெரியாத வலிப் பொடி இருந்தால் அதையும்.

இந்தப் பரிசோதனைகளை நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதற்கு ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்டி ஆபீஸில் (முந்திரிப் பருப்பு ஆலை) வேலை பார்த்த 29 வயதுப் பெண். விடிவதற்குள் உள்ளே போனால் சாயங்காலம்தான் வெளியே வருவார். தொடையிலும் இடுப்பிலும் வலி. மூன்று வருடம் "தேய்மானம்" என்று வைத்தியம் பார்த்திருக்கிறார். டெக்ஸாவில் மைனஸ் 3.4 வந்ததும், எலும்புப்புரை என்று சொல்லி உடற்பயிற்சிக்கு என்னிடம் அனுப்பினார்கள். தரையில் உட்கார்ந்தவரை எழுந்திருக்கச் சொன்னேன். ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறு கையால் தன் தொடையையே பிடித்து ஏறுவது மாதிரி எழுந்தார். நடக்கும்போது வாத்து போல இரண்டு பக்கமும் ஆட்டம். இது எலும்புப்புரையின் நடை இல்லை. ஆல்கலைன் பாஸ்படேஸ் பார்க்கச் சொல்லி டாக்டருக்கு எழுதினேன், இயல்பைப் போல மூன்று மடங்கு இருந்தது. வைட்டமின் டி கிட்டத்தட்ட இல்லை. அவருக்கு இருந்தது எலும்பு மென்மை நோய், ஆஸ்டியோமலேசியா. எலும்பின் சட்டம் இருக்கிறது, சுண்ணாம்பு ஏறவில்லை. டெக்ஸா மெஷினுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். வைட்டமின் டியும் கால்சியமும் மட்டும் கொடுத்து ஒரு வருடத்தில் நடை நேராகிவிட்டது, ஸ்கேன் எண்ணும் நன்றாக ஏறியது. எலும்புப்புரை ஊசியை அப்படியே போட்டிருந்தால் ரத்தத்தில் கால்சியம் சரிந்து கைகால் இழுத்திருக்கலாம். அதனால்தான் முதலில் வைட்டமின் டியைச் சரிசெய், அப்புறம் பெரிய மருந்து என்ற வரிசை.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் இன்னொரு எண் இருக்கும், இசட்-ஸ்கோர். டி-ஸ்கோர் உங்களை ஒரு இளம் வயதுக்காரரோடு ஒப்பிடுகிறது, இசட்-ஸ்கோர் உங்கள் வயதுக்காரரோடு. மாதவிடாய் நிற்காத பெண்களுக்கும் 50 வயதுக்குக் கீழே உள்ள ஆண்களுக்கும் இசட்-ஸ்கோரைத்தான் பார்க்க வேண்டும். மைனஸ் 2 அல்லது அதற்குக் கீழ் என்றால் வயதுக்கு எதிர்பார்த்ததை விடக் குறைவு என்று பொருள். உங்கள் வயதில் இரண்டு எண்ணும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வரும், ஆனால் எண்ணை மட்டும் வைத்து இந்த வயதில் நோய் என்று முத்திரை குத்தக் கூடாது. சிறிய உடம்புக்காரர்களுக்கு எலும்பும் சிறிதாக இருப்பதால் மெஷின் கொஞ்சம் குறைத்துக் காட்டவும் செய்யும். உங்கள் விஷயத்தில் நின்ற உயரத்திலிருந்து விழுந்தே முறிந்திருக்கிறது, ஸ்டீராய்டும் இருக்கிறது. ஆகவே இதை நோய் என்றே எடுத்துக்கொள்கிறேன். இலவச முகாமில் குதிகாலை மெஷினுக்குள் வைத்துப் பார்த்து, "உங்களுக்கு எலும்பு வீக்" என்று சீட்டு வாங்கி வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தச் சீட்டை வைத்து மருந்து தொடங்க வேண்டாம், டெக்ஸா எடுங்கள்.

இனி மருந்து. உங்களுக்கு எழுதியிருக்கும் வார மாத்திரை அநேகமாக அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராம். எலும்பைக் கரைக்கும் செல்களை அது அடக்கும். இதைச் சாப்பிடும் முறையில் தப்பு செய்தால் மருந்து உள்ளே ஏறாது, உணவுக்குழாயும் புண்ணாகும். என்னிடம் வரும் ஒரு அம்மா ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டிருக்கிறார். காலை ஐந்தரைக்கு வெறும் வயிற்றில், ஒரு பெரிய தம்ளர் பச்சைத் தண்ணீரோடு. சாயா இல்லை, பால் இல்லை, வேறு மாத்திரை எதுவும் இல்லை. பிறகு அரை மணி நேரம் படுக்காமல் சேலை உடுத்துவதும் பிள்ளைகளைக் கிளப்புவதுமாக நடமாட்டத்திலேயே இருப்பார். அப்புறம் கட்டஞ்சாயா, அப்புறம் கோயில். மறந்துபோனால் மறுநாள் காலை ஒன்று. ஒரே நாளில் இரண்டு கூடாது.

ஆயுளுக்கும் மருந்தா என்றால், இல்லை. இந்த மாத்திரையை ஏறக்குறைய ஐந்து வருடம், வருடம் ஒருமுறை ட்ரிப்பில் ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம் என்றால் மூன்று வருடம், அதன்பின் நிலைமையைப் பார்த்து இடைவெளி விடலாமா என்று முடிவு செய்வார்கள். இந்த மருந்துகள் எலும்பிலேயே தங்கி நிறுத்திய பிறகும் கொஞ்ச காலம் வேலை செய்யும். நான் ட்ரிப் ஏற்றிக்கொண்டவள். முதல் தடவை இரண்டு நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் போட்டுப் புரட்டி எடுத்தது, பாராசிட்டமாலோடு தீர்ந்தது. இரண்டாம், மூன்றாம் தடவையில் அந்த அளவுக்கு இல்லை. முறிவு அதிகம் உள்ளவர்களுக்கு டெரிபாராடைட் என்ற தினசரி ஊசி உண்டு, புது எலும்பைக் கட்டுவது, இரண்டு வருடம் வரை போடலாம். முடிந்ததும் கட்டியதைக் காக்க வேறு மருந்து தொடர வேண்டும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடும் டெனோசுமாப் ஊசி பற்றி மட்டும் கொஞ்சம் எச்சரிக்கையாகச் சொல்கிறேன். நல்ல மருந்துதான். ஆனால் தவணை தவறினாலோ, மாற்று மருந்து இல்லாமல் நிறுத்தினாலோ, அடங்கியிருந்த செல்கள் ஒரேயடியாக எழும்பி முதுகெலும்புகள் அடுத்தடுத்து நசுங்கலாம். இளவயதில் இதைத் தொடங்கச் சொன்னால், "எப்போது, எப்படி நிறுத்துவோம்?" என்பதை முதல் ஊசிக்கு முன்பே கேளுங்கள்.

தாடை எலும்பு அழுகும், தொடை எலும்பு முறியும் என்று வாட்ஸ்அப்பில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டும் உண்மையில் உண்டு, எலும்புப்புரைக்குக் கொடுக்கும் அளவில் மிக அபூர்வம். பிடுங்க வேண்டிய பல் இருந்தால் மருந்துக்கு முன்பே பிடுங்கிவிடுங்கள். வருடங்கள் போன பிறகு தொடையிலோ தொடை இடுக்கிலோ விடாத மந்தமான வலி வந்தால் உடனே சொல்லுங்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது குழந்தை. பெற்றுக்கொள்ளலாம், ஆனால் திட்டமிட்டு. மாத்திரை தொடங்கும் முன்பே டாக்டரிடம் இந்த ஆசையைச் சொல்லிவிடுங்கள். அவர்கள் கேட்கத் தவறலாம். மருந்து எலும்பில் வருடக்கணக்கில் தங்கும், நஞ்சுக்கொடியைத் தாண்டவும் கூடும். அதனால் சில டாக்டர்கள் காரணத்தைச் சரிசெய்து, வைட்டமின் டியும் கால்சியமும் கொடுத்து, குழந்தையும் பால்குடியும் முடிந்த பிறகு மருந்தைத் தொடங்குவார்கள். சிலர் சில காலம் கொடுத்து நிறுத்திவிட்டுக் கருத்தரிக்கச் சொல்வார்கள். மருந்து எடுக்கும் நாட்களில் கருத்தடை முறை ஒன்று அவசியம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசி வேண்டாம், அதுவே எலும்பு அடர்த்தியைக் குறைக்கும். தெரியாமல் கரு தங்கிவிட்டால் கலைக்க ஓடாதீர்கள். மருந்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள், இதுவரை பதிவான கர்ப்பங்களில் பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே பிறந்திருக்கின்றன. கர்ப்பத்திலும் பால் கொடுக்கும்போதும் எலும்பு கொஞ்சம் குறைவது இயல்பு, பால் மறந்த பிறகு பெரும்பாலும் திரும்பிவரும். ஆனால் உங்களைப் போல் முன்பே குறைந்திருப்பவருக்குக் கண்காணிப்பு வேண்டும். இந்த ஒரு விஷயத்துக்காகவே நாளமில்லாச் சுரப்பி நிபுணரை ஒருமுறை பாருங்கள். நாகர்கோவிலோ திருவனந்தபுரமோ, எது வசதியோ.

வைட்டமின் டி 60,000 யூனிட், வாரம் ஒன்று, எட்டு வாரம் என்று எழுதியிருப்பார்கள். வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று எடுத்து, வாந்தியும் மலச்சிக்கலும் தீராத தாகமுமாக ஆஸ்பத்திரிக்குப் போன ஒருவரை எனக்குத் தெரியும், கிரியேட்டினின் ஏறிவிட்டது. சீட்டில் இருப்பதை வீட்டில் இன்னொருவரும் வாசிக்கட்டும். "காலை இளவெயிலில் நில்லுங்கள்" என்பது நம்மவர்கள் எல்லாரும் சொல்வது. இளவெயிலில் வைட்டமின் டி உண்டாக்கும் கதிர் மிகக் குறைவு. பத்து மணியிலிருந்து மூன்று மணிக்குள், கையும் காலும் வெயில் பட இருபது முப்பது நிமிடம் வேண்டும், கருத்த தோலுக்கு இன்னும் கூடுதல். ரப்பர் தோட்டத்து நிழல் கணக்கில் வராது.

கால்சியம் ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம். நம் சாப்பாட்டில் இதற்கு வழி இருக்கிறது, ஆனால் மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) சோறும் மட்டும் போதாது, கட்டஞ்சாயாவில் பாலே இல்லை. முள்ளோடு தின்னும் நெத்திலியும் பொடிச் சாளையும் அருமையான கால்சியம், முள்ளை எடுத்துப் போட்டுவிட்டால் பலன் பெரும்பாலும் போய்விடும். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. தயிர், எள், முருங்கை இலை, தண்டங்கீரை எல்லாம் நல்லது. குறைவதை மட்டும் மாத்திரையால் நிரப்புங்கள், ஒரு வேளைக்கு 500-க்கு மேல் ஏறாது. கால்சியம் கார்பனேட்டைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையோடும் தைராய்டு மாத்திரையோடும் சேர்க்காதீர்கள்.

கூன் விழுமா என்று கேட்டீர்கள். கூன் என்பது முதுகெலும்புகள் முன்பக்கமாக நசுங்குவது. முன்னால் குனிந்த முதுகில் பாரம் ஏறும்போதுதான் அது நசுங்குகிறது. அதனால் உங்கள் வீட்டு வேலையைத்தான் நான் மாற்றச் சொல்வேன். முற்றம் பெருக்கும் ஈர்க்கில் வாரியலை ஒரு நீளக் கம்பில் கட்டுங்கள், நிமிர்ந்து பெருக்கலாம். தண்ணீர் வாளியைத் தூக்கும்போது அருகில் போய், முட்டியை மடக்கி, பிட்டத்தைப் பின்னால் தள்ளி, முதுகை நேராக வைத்து, வாளியை உடம்போடு ஒட்டி எழுந்திருங்கள். ஒரு குடத்துக்குப் பதில் இரண்டு சின்ன வாளி, இரண்டு கையிலும். முட்டி நீட்டியபடி கால்விரலைத் தொடும் ஆசனங்கள், வயிற்றுப் பயிற்சிக்காக எழுந்து குனிவது, தலைகீழ் ஆசனங்கள் வேண்டாம். பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்காராதீர்கள், வேகத்தடையில் தூக்கிப் போடும். நம் மாவட்டம் வர்ம ஆசான்களின் ஊர், அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. எண்ணெய் தடவி மெல்லத் தேய்ப்பதில் தப்பில்லை. ஆனால் ஏறி மிதித்து உழிச்சல், முறுக்கி எடுப்பது கூடாது. எலும்புப்புரை இருக்கிறது என்று ஆசானிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

செய்ய வேண்டியதும் உண்டு. கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துமுறை எழுந்து உட்காருவது. சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்குவது. குப்புறப் படுத்து நெஞ்சை மட்டும் லேசாக உயர்த்துவது. பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது. தினமும் அரை மணி வேக நடை. பயிற்சியால் ஸ்கேன் எண் கொஞ்சமே ஏறும், ஆனால் விழாமல் இருப்பீர்கள். விழாத எலும்பு முறிவதும் குறைவு. சித்திரை முடியும்போதே முற்றத்துப் பாசியைப் பிளீச்சிங் பவுடர் போட்டு உரசிவிடுங்கள். இடவப்பாதிக்கு (தென்மேற்குப் பருவமழை) ஒருமுறை, துலா மழைக்கு (ஐப்பசி மழை) ஒருமுறை. பிளீச்சிங் நெடி உங்கள் இழுப்புக்கு ஆகாது, அதை வீட்டில் வேறு யாராவது செய்யட்டும்.

வீட்டு நிலைப்படியில் உங்கள் உயரத்தைப் பென்சிலால் குறித்து வையுங்கள். மகனுக்குக் குறிக்கும்போது உங்களுக்கும். இரண்டு சென்டிமீட்டர் குறைந்தால் வலி இல்லாவிட்டாலும் முதுகு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். டெக்ஸாவை ஒன்று அல்லது இரண்டு வருடம் கழித்து அதே மெஷினில் எடுங்கள், மெஷின் மாறினால் ஒப்பிட முடியாது.

இப்போது கட்டுக்குள் இருக்கும் கையைப் பார்ப்போம், அதைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. கட்டு போட்ட கையைக் கழுத்தில் தொங்கும் துணித் தொட்டிலில் மாட்டிக்கொண்டு அசையாமல் இருந்தால் தோள் இறுகிவிடும், பிறகு ஆறு மாதம் என்னைப் போன்ற ஒருவரிடம் அழ வேண்டியிருக்கும். மணிக்கு ஒருமுறை ஐந்து விரலையும் முழுக்க மடக்கி முழுக்க விரியுங்கள், பத்துத் தடவை. முழங்கையை நீட்டி மடக்குங்கள். கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள், ஒரு நாளைக்கு நான்கைந்து முறை. விரல்கள் வீங்கி நீலமானாலோ, மரத்துப்போனாலோ, கட்டு தாங்க முடியாமல் இறுகினாலோ காலை வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தப் பரிசோதனை முடிவுகள் வந்ததும் எண்களை எழுதுங்கள், ஆல்கலைன் பாஸ்படேஸை விட்டுவிடாமல்.